சாயாவுக்கு முன்னால் என்ன விழுங்கினீர்கள்?

1

காலை ஆறு பத்து. மட்டாஞ்சேரி படகுத்துறையில் முதலில் கண்ணில் பட்டது ஒரு ஜோடி வெள்ளை ஷூ. கறுப்பு பர்தாவின் விளிம்புக்குக் கீழே, ஒவ்வொரு ஷூவும் ஒரு பாலித்தீன் பைக்குள் இருந்தது. கணுக்காலில் ரப்பர் பேண்ட் போட்டுப் பையை இறுக்கியிருந்தார்கள். இரவு பெய்த மழை துறையின் வாசலில் தேங்கிக் கிடந்தது.

ஷூவுக்குச் சொந்தக்காரர் கதீஜும்மா. வயது அறுபத்து மூன்று. கொச்சங்காடியில் நான் நடத்தும் பெண்கள் உடற்பயிற்சி வகுப்பின் முதல் மாணவி.

"புதுசு டீச்சரே. மருமவன் கொண்டாந்தது. பரீச்சைக்குப் பழசைப் போட்டுட்டு வர முடியுமா?"

"பரீச்சை உங்களுக்கு இல்ல கதீஜும்மா. எனக்கு."

"அதான் நானும் சொல்றேன். என்னால உங்க மானம் போவக் கூடாது."

இந்த வாக்கியத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். படகு வந்துவிட்டது. ஏறிவிட்டோம்.

பரீட்சை என்னவென்று சொல்லிவிடுகிறேன். உடற்பயிற்சிப் பயிற்சியாளர் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும் பட்டம் அல்ல. இரண்டு வருடம்தான். அதற்குள் அங்கீகாரம் பெற்ற வகுப்புகளில் இருபது மணி நேரம் படித்து, படித்ததற்குச் சான்று காட்டினால் புதுப்பிப்பார்கள். தொடர்கல்விப் புள்ளிகள் என்று அதற்குப் பெயர். என் கணக்கில் எட்டு மணி நேரம் குறைந்திருந்தது. மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. அன்று எறணாகுளத்தில் முதியோருக்கான பயிற்சி பற்றி நடந்த ஒரு நாள் பட்டறை சரியாக எட்டு மணி நேரத்தைத் தரும், செய்முறைத் தேர்வில் தேறினால்.

தேறாவிட்டால் சான்றிதழ் காலாவதியாகும். அது காலாவதியானால் வகுப்பு நடக்கும் மாடி அறை, முதல் தேதியிலிருந்து கல்யாணச் சமையல் பாத்திரங்கள் வைக்க வாடகைக்குப் போகும். அறைக்குப் பொறுப்பான குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அப்படிச் சொல்லியிருந்தார். பெயர் ஹனீபா. ஊருக்கு ஹனீபிக்கா. கதீஜும்மாவின் உடன்பிறந்த தம்பி.

2

நான் கடல் கடக்கவில்லை. செங்கோட்டைக்கு மேற்கே புளியரைச் சோதனைச்சாவடியைக் கடந்தேன், அவ்வளவுதான். "அது என்ன வெளிநாடா, ராத்திரி பஸ் ஏறினா காலைல வந்துடலாமே" என்று பாளையங்கோட்டையில் இப்போதும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடைப்பலகை வாசிக்கத் தெரியாதவளாக ஆகிவிட்ட ஒருத்திக்குத் தூரம் கிலோமீட்டரில் இல்லை.

இந்த மாதத்தோடு பதினொரு வருடம். என் கணவர் சுந்தருக்கு மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கடையில் கணக்கர் வேலை கிடைத்தது. நான் திருநெல்வேலியில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் ஒன்பது வருடம் துணை ஆசிரியராக இருந்தேன். ஊரில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் 'பேப்பர்ல' என்ற ஒரு சொல் போதும். இங்கே 'எந்தா ஜோலி?' என்று கேட்டவர்களுக்குச் சொல்ல ஒரு வருடம் பதில் இல்லை. தமிழில் ஒற்றுப்பிழை திருத்தத் தெரிந்த ஆளுக்குக் கொச்சியில் என்ன தேவை?

ஒன்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்ததற்கு முதுகு வட்டி கேட்டது. தோப்பும்படியில் ஒரு ஜிம்முக்குப் போனேன். முதுகு தேறியது. அங்கே கிடந்த பயிற்சியாளர் பாடப்புத்தகத்தைப் படித்தேன். தசைகளின் பெயர்கள் ஊர்ப் பெயர்களைப்போல மனதில் நின்றன. ஆங்கிலத்தில் தேர்வு எழுதித் தேறினேன். கொச்சங்காடிப் பெண்கள் ஆண்கள் இருக்கும் ஜிம்முக்கு வரமாட்டார்கள். அவர்களுக்காக, சுக்கு மூட்டை அடுக்கிய கிட்டங்கிக்கு மேலே, சங்கத்தின் மாடி அறையில் வகுப்பு தொடங்கியது.

வந்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து தங்கியவர்களின் வாரிசுகள். மீதிப்பேர் மலையாளிகள். முதல் மாதம், இழுவைப் பட்டையைப் பிடித்திருந்த ஒரு மலையாளிச் சேச்சியிடம் "வலிக்குதா?" என்று கேட்டேன். மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. அவர் இன்னும் பலமாக இழுத்தார். மறுபடி கேட்டேன். மறுபடி இழுத்தார். மூன்றாவது முறை பட்டை அறுந்தது.

என் மகள் நிலா வரும்போது ஐந்து வயது. இப்போது பிளஸ் ஒன். மலையாளத்தில் கட்டுரைப் போட்டிக்குப் போகிறாள். தமிழை, போஸ்டரில் நடிகர் பெயரைப் படிப்பதுபோல, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் படிக்கிறாள். என் மலையாளத்தைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்து உண்டு.

"அம்மா பேசுறது பேப்பர் தலைப்பு மாதிரி. 'நாளை வகுப்பு இல்லை. மழை.' வெர்ப்பே வராது."

"புரியுதுல்ல?"

"புரியும். பட்சே... ஆனா, பேசுறது நியூஸா?"

கோபம் வந்தது. ஆனால் சரியான விமர்சனம். திருத்தம் போட இடமில்லை.

3

இனி அந்த வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது புரியாமல் அன்று நடந்தது புரியாது.

பயிற்சி தொடங்கும் முன் ஒருவருக்கு என்ன நோய், என்ன மருந்து என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயமே இதுதான். நானும் கேட்டேன். "உங்களுக்கு ஏதாவது நோய் இருக்கா?" பதினான்கு பேரும் ஒரே பதில் சொன்னார்கள்: "அல்ஹம்துலில்லா. ஒண்ணுமில்ல." மலையாளிச் சேச்சிகளும் பக்கத்தில் நின்ற பழக்கத்தில் "ஒந்நுமில்லா" என்றார்கள். இவ்வளவு ஆரோக்கியமான தெருவா என்று வியந்தேன். பாளையங்கோட்டையில் பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்டுப் பாருங்கள். சர்க்கரை அளவைத் தசமப் புள்ளியோடு சொல்வார்.

இரண்டாவது வாரம் ஒரு பெண் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் எடுக்க அவர் பையைத் திறந்தால், சர்க்கரை மாத்திரை அட்டை. அவர் பக்கத்தில் இருந்தவரின் பையிலும் இருந்தது. எல்லோர் பையிலும் ஏதோ ஒரு அட்டை இருந்தது.

"ஏன் சொல்லலை?" என்று கதீஜும்மாவிடம் கேட்டேன்.

"நீங்க சுகமான்னு கேட்டீங்க. சுகமான்னு கேட்டா ஒண்ணுமில்லன்னுதான் சொல்லணும் டீச்சரே. இல்லாட்டி படச்சவன்மேல பராதி கொடுக்குற மாதிரி ஆயிரும்."

"அப்ப மாத்திரை?"

"அது டாக்டர் கொடுத்தது. அதை யாரு கேட்டா?"

அவர் பொய் சொல்லவில்லை. நான் ஒன்றைக் கேட்டேன், அவர்கள் வேறொன்றுக்கு, நன்றிக்கு, பதில் சொன்னார்கள். குறை என் கேள்வியில் இருந்தது.

அந்த இடத்தில் என் பழைய வேலை கைகொடுத்தது. விபத்துச் செய்தி சேகரிக்கும்போது, 'பஸ் வேகமாக வந்ததா?' என்று கேட்டால் நிற்பவர்கள் எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'அப்போது உங்கள் கையில் என்ன இருந்தது?' என்று கேட்டால்தான் ஒருவர் சொல்வார்: 'டீ கிளாஸ். மெதுவாக் குடிச்சிட்டு பஸ்ஸைப் பார்த்துட்டே நின்னேன். பஸ் மெதுவாத்தான் வந்துச்சு, அந்த பைக்குக்காரன்தான் குறுக்கே விழுந்தான்.' கருத்தைக் கேட்காதே, கண்டதைக் கேள்.

மறுநாள் நோய் என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். காலையில் சாயாவுக்கு முன்னால் என்ன விழுங்கினீர்கள்? சாயாவுக்குப் பின்னால்? மாடி ஏறும்போது எந்தப் படியில் கைப்பிடியைப் பிடிப்பீர்கள்? தொழுகையில் எழும்போது எந்தக் கை முதலில் தரையில் ஊன்றும்?

அருவி கொட்டியது. கதீஜும்மா வெள்ளை, பிங்க், மஞ்சள் என்று நிறம் சொல்லி அடுக்கினார். அன்றிலிருந்து வகுப்பு தொடங்குவதே அந்தக் கேள்வியில்தான். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல, வாசலில் நின்று பெயரைச் சொல்லி, "சாயாவுக்கு முன்னால?" என்பேன். ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல், ஒவ்வொருவராகச் சொல்வார்கள்.

4

எட்டு மணி நேரம் ஏன் குறைந்தது என்பதற்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

இருபது மணி நேரத்தையும் நான் முடித்திருந்தேன். அதில் எட்டு மணி நேரம் இணையத்தில் படித்த ஒரு வகுப்பு. சேர்ந்த அன்று அந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருந்தது. முடித்த அன்று இல்லை. நடுவில் அவர்கள் புதுப்பிக்கவில்லை. புதுப்பிப்பதற்காகப் படிக்கிற எனக்குப் பாடம் நடத்தியவர்கள் தங்களைப் புதுப்பிக்க மறந்துபோனார்கள்.

சான்றிதழ் அமைப்புக்கு எழுதினேன். பதில் வந்தது: உங்கள் கோரிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலவில்லை. மீதிப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் ஒரு சிக்கல். ஒரு சான்றில் ஜெயந்தி எஸ். இன்னொன்றில் எஸ். ஜெயந்தி. மூன்றாவதில், குடும்பப் பெயர் கட்டாயம் என்று இணையதளம் அடம்பிடித்ததால், ஜெயந்தி சுந்தர். மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கும்படி கேட்டார்கள். ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். மூன்று பேரும் ஒரே நாளில் ஒன்றானோம்.

ஹனீபிக்காவிடம் இதையெல்லாம் விளக்கினேன். கறாரான மனிதர், ஆனால் நியாயம் தவறாதவர். கீழே கிட்டங்கி வாசலில் நின்று பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சரே, உங்கமேல எனக்கு ஒரு பராதியும் இல்ல. நாளைக்கு மாடில யாராச்சும் விழுந்து கையை ஒடிச்சா, சர்ட்டிபிக்கெட் இல்லாத ஆளுக்கு ரூம் கொடுத்தவன் யாருன்னு என்னைத்தான் கேப்பாங்க. மாசம் முடியுற வரைக்கும் சுவத்துல தொங்குற சர்ட்டிபிக்கெட் செல்லும். அது கழிஞ்சா பாத்திரக்காரன் அட்வான்ஸோட நிக்கிறான்."

மாடியிலிருந்து கதீஜும்மாவின் குரல் வந்தது. "எடா ஹனீபே, பொம்பளைங்க நாலு பேரு கையைக் காலை ஆட்டுறது உனக்குப் பொறுக்கலியா? பிரியாணிச் செம்பு நடக்குமா, ஓடுமா?"

"இத்தாத்தா, நியமம் நியமம்தான்."

"உன் நியமத்துல வெங்காயம் அரிய!"

விதி ஹனீபிக்கா பக்கம்தான் இருந்தது. பட்டறைக்குப் பதிவு செய்தேன். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவரை உடன் அழைத்துவர வேண்டும் என்றிருந்தது. நான் கேட்காமலே கதீஜும்மா கிளம்பிவிட்டார்.

5

எறணாகுளத்தில் ஒரு கல்லூரியின் உள்விளையாட்டு அரங்கம். பன்னிரண்டு பயிற்சியாளர்கள், பன்னிரண்டு முதியவர்கள். பயிற்சியாளர்களில் என்னையும் சேர்த்துப் பெண்கள் மூவர். மீதி எல்லோரும் ஜிம் பையன்கள், சட்டைக் கைக்குள் புஜம் அடங்காதவர்கள்.

தேர்வாளர் பிரீதா மேடம் விதியை அறிவித்தார். காலையில் பாடம். மதியத்துக்கு முன் செய்முறை. யாரும் தான் அழைத்து வந்த ஆளோடு வேலை செய்யக் கூடாது, மாற்றிக் கொடுக்கப்படும். புது ஆளிடம் உடல்நிலையைக் கேட்டறிந்து, அதற்கேற்ற பயிற்சி கொடுக்க வேண்டும். பழைய பயிற்சியாளர் தன் ஆளைப் பற்றிய எந்தத் தகவலையும் மற்றவருக்குத் தெரிவிக்கக் கூடாது. தெரிவித்தால் அவருடைய விடைத்தாள் மூடப்படும்.

எனக்குக் கிடைத்தவர் திருப்பூணித்துறையிலிருந்து வந்த சாரதா டீச்சர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. மடிப்புக் கலையாத பருத்திப் புடவை. "எனிக்கு ஒரு அசுகமும் இல்ல" என்று நான் வாய் திறக்கும் முன்பே அறிவித்தார். நான் நோயைக் கேட்கவில்லை. குளியலறையில் எழும்போது எதைப் பிடிப்பீர்கள் என்று கேட்டேன்.

யோசித்தார். "பைப்பு."

"பைப்பு உறுதியா இருக்கா?"

"போன மாசம் கையோட வந்துது."

நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழும் பயிற்சியை ஆரம்பித்தோம்.

கதீஜும்மாவை அழைத்துக்கொண்டு போனவன் அனூப். சாரதா டீச்சரைக் கூட்டி வந்தவனும் அவன்தான். நல்லவன். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, குனிந்து, மரியாதையாகத்தான் கேட்டான். "அம்மே, எந்தெங்கிலும் அசுகம் உண்டோ?"

"அல்ஹம்துலில்லா. ஒந்நுமில்லா மோனே."

"மருந்நு?"

"ஒந்நுமில்லா."

மருந்தையும் இல்லை என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் படகுத்துறையில் சொன்ன வாக்கியம். என்னால உங்க மானம் போவக் கூடாது. தான் நோயில்லாத ஆளாக நின்றால்தான் தன் டீச்சர் தேறுவார் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

அனூப் ஒரு படிப்பலகையைப் போட்டான். ஏறி இறங்கச் சொன்னான். அவர் விரலில் நாடிமானியை மாட்டினான். வயதைக் கணக்கிட்டு, நாடி இந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று பலகைக்குப் பக்கத்தில் எழுதி வைத்தான். பாடப்புத்தகப்படி சரி. ஆனால் கதீஜும்மாவின் அந்த மஞ்சள் மாத்திரை நாடியை ஏறவிடாமல் பிடித்து வைக்கும் வகை. எவ்வளவு வேலை வாங்கினாலும் மானியில் எண் ஏறாது. அதைப் போட்டவரிடம் எண்ணைத் துரத்தக் கூடாது.

எண் ஏறவில்லை. "குறச்சுகூடி ஸ்பீடு, அம்மே" என்றான். அவர் வேகம் கூட்டினார். எண் ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் என்றான். வெள்ளை ஷூக்கள் பலகையில் தடதடத்தன. அவர் மேலுதட்டில் வியர்வை அரும்பியதை அரங்கின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்து, நாடிமானி மாட்டாத கையின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

விதியை நினைக்காமல் பாய்ந்தேன் என்று எழுதலாம். அது உண்மையல்ல. நினைத்தேன். விடைத்தாள், நான்கு நாள், மாடி அறை, பிரியாணிச் செம்பு, எல்லாம் வரிசையாக வந்தன. பிரீதா மேடம் அரங்கின் மறுகோடியில், யாருடைய தாளிலோ குனிந்திருந்தார். அவரை அழைத்து, அவர் நடந்து வந்து, நான் விளக்கி முடிக்கும்வரை அந்த ஷூக்கள் நிற்காது.

வகுப்பு வாசலில் நிற்கும் குரலில் கூப்பிட்டேன்.

"கதீஜும்மா! சாயாவுக்கு முன்னால?"

ஆஜர் கொடுப்பதுபோலப் பதில் வந்தது. அவர் காலை நிறுத்தவில்லை, யோசிக்கவும் இல்லை. "சுகருக்கு வெள்ளை ஒண்ணு, பிரஷருக்கு பிங்க் பாதி, நெஞ்சு படபடப்புக்கு மஞ்ச ஒண்ணு!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "படச்சோனே, போச்சு."

அரங்கத்தில் எல்லாப் பலகைகளும் நின்றன. அனூப் அவரைத் தாங்கி நாற்காலியில் உட்கார வைத்தான். பிரீதா மேடம் வந்து இரத்த அழுத்தம் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்தார். சற்று நேரத்தில் முகத்தில் நிறம் திரும்பியது. ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு மேடம் என்னிடம் வந்தார்.

"ஜெயந்தி, நியமம் அறியாமல்லோ?" விதி தெரியும்தானே என்று கேட்டார்.

"தெரியும் மேடம்."

என் தாளை எடுத்து மூடினார்.

"நில்லு." குரல் என் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது. சாரதா டீச்சர். கை ஊன்றாமல் எழுந்து நின்றார். அரைமணி நேரத்துக்கு முன் அவரால் அது முடியவில்லை என்பதை அந்த நேரத்தில் நான் மட்டும்தான் கவனித்தேன். "ஆ நியமம் ஒன்னு வாயிக்கூ."

பிரீதா மேடம் விதியை வாசித்தார். எந்தத் தகவலையும் தெரிவிக்கக் கூடாது.

"இவள் உத்தரம் பறஞ்சோ?" என்றார் சாரதா டீச்சர். உத்தரம் என்றால் பதில். "இல்லல்லோ. சோத்யம் அல்லே சோதிச்சது?" சோத்யம் என்றால் கேள்வி. "உத்தரம் பறஞ்சது ஆ உம்மா. ஞான் எத்ர பரீட்சைக்கு நின்னிட்டுண்டு! சோத்யம் சோதிச்சதினு ஒரு குட்டியெயும் ஞான் புறத்தாக்கியிட்டில்லா."

எத்தனை பரீட்சைக்குக் காவல் நின்றிருக்கிறேன், கேள்வி கேட்டதற்காக ஒரு பிள்ளையையும் நான் பரீட்சை அறையை விட்டு வெளியேற்றியதில்லை என்கிறார். அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள். பிரீதா மேடம் விதியை இன்னொரு முறை, இந்தமுறை உதட்டை அசைக்காமல், படித்தார். என் தாளைத் திறந்து, இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு எல்லோரையும் பார்த்து, படிவங்களைத் திருப்பி எடுங்கள் என்றார். நோய் இல்லை என்று எழுதியவர்கள் எல்லோரும் மறுபடி கேளுங்கள். முதல் கேள்வியாக இவர் கேட்டதையே கேளுங்கள்.

பன்னிரண்டு மூலைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் நிறங்கள் எழுந்தன. வெள்ளை, பிங்க், பாதி நீலம், இரவில் மட்டும் ஒரு சிவப்பு, ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியது. ஆலுவாவிலிருந்து வந்த ஒரு பெரியவர், மகனுக்குத் தெரியாமல் சாப்பிடும் மாத்திரையை, மகன் வயதுப் பையனிடம் காதோடு சொன்னார். மதிய உணவுக்கு மணி அடித்தபோது மருந்துக்கான கட்டம் காலியாக இருந்த படிவம் ஒன்றுகூட இல்லை.

6

மதியத்துக்குப் பிறகு அனூப்புக்கு மறுவாய்ப்புக் கிடைத்தது. இந்தமுறை நாடிமானியைப் பையில் போட்டுவிட்டான். இப்படிப்பட்டவர்களுக்குப் பேச்சுதான் அளவு: பயிற்சியின்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மெல்ல ஏறி இறங்கச் சொல்லிவிட்டு, "அம்மா எந்தெங்கிலும் பறயூ" என்றான். எதையாவது பேசுங்கள்.

கதீஜும்மாவிடம் அப்படிச் சொல்வது ஆபத்து. தம்பி ஹனீபாவை எடுத்துக்கொண்டார். சிறுவயதில் மாமா கடையில் பேரீச்சம்பழம் திருடியதிலிருந்து தொடங்கி, பிரியாணிச் செம்பு வழியாக, நேற்று இரவு வரை வந்தார். "எனக்கு ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு நடக்குறான். சாயாவுக்கு முன்னாடி நாலு விழுங்குறான், மோனே. நாலு!" ஒரு வாக்கியத்துக்கும் மூச்சு குறையவில்லை. அனூப் தேறினான். கிளம்பும்போது என்னிடம் வந்து, "சேச்சி, பாக்கி சோத்யங்கள்கூடி எழுதித் தருமோ?" என்றான். தமிழில்தான் எழுதத் தெரியும் என்றேன். போதும், பக்கத்து வீட்டில் சேலத்துக்காரர்கள் இருக்கிறார்கள் என்றான்.

ஐந்து மணிக்குச் சான்று கையில் வந்தது. எட்டு மணி நேரம். பெயர்: எஸ். ஜெயந்தி. நிறுத்தி இரண்டு முறை சரிபார்த்தேன், பழக்கம்.

படகில் கதீஜும்மா ஷூக்களை மறுபடி பாலித்தீன் பைக்குள் விட்டு ரப்பர் பேண்ட் போட்டார்.

"டீச்சரே, நான் சொதப்பிட்டேன்ல?"

"நீங்கதான் ஜெயிக்க வெச்சீங்க."

"மஞ்ச மாத்திரையைச் சொன்னதுக்கா?"

"ஆமா."

"அப்ப இனி ஊர்முழுக்கச் சொல்லலாம்" என்றார். அதைச் செய்யவும் செய்தார்.

கொச்சங்காடிப் படிக்கட்டில் வகுப்பு முழுவதும் உட்கார்ந்திருந்தது. கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை, பர்தாவும் சுரிதாரும் நைட்டியும். சாயாவும் பழம்பொரியும் ஆறிப்போய்க் காத்திருந்தன. "ஜயிச்சோ?" என்று ஒரு சேச்சி கேட்டார். கதீஜும்மா எனக்கு முன்னால் பதில் சொன்னார்: "ஜயிச்சு!" அந்தச் சத்தத்துக்கு எதிர்க் கிட்டங்கிச் சுமைத் தொழிலாளிகள் மூட்டையை இறக்கிவிட்டு என்னவென்று பார்க்க வந்தார்கள். நான் வாழ்க்கையில் பல தேர்தல் முடிவுகளை எழுதியிருக்கிறேன். வென்றவர் பக்கம் நின்றது அதுவே முதல் முறை.

நிலா அன்றிரவே சான்றை இணையதளத்தில் ஏற்றினாள். 'நிலுவையில்' என்றது. மறுநாளும் நிலுவையில். கடைசி நாளுக்கு முந்தைய நாள் மதியம் பள்ளியிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, கிட்டி! அப்ரூவ்டு!" என்றாள். கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு, தலையை என் தோளில் வைத்தபடியே, "இது தலைப்பு. 'சான்றிதழ் கிடைத்தது. வகுப்பு உண்டு.' வெர்ப் ஒண்ணு வந்துடுச்சு" என்றாள்.

வகுப்பு தொடரும் என்ற அறிவிப்பை இரண்டு மொழியிலும் அவளே எழுதினாள். தமிழ்ப் பாதியில் மூன்று பிழை. திருத்தவில்லை. அப்படியே ஒட்டினோம்.

7

புதிய சான்றிதழை மாட்டிய மாலை ஹனீபிக்கா மாடிக்கு வந்தார். வாசலில் நின்று, கண்ணாடியை மூக்கில் இறக்கி, தேதியைப் படித்தார். இரண்டு வருடம். தலையாட்டினார். போகவில்லை. தொண்டையைச் செருமினார்.

"டீச்சரே, இது பொம்பளைங்களுக்கு மட்டும்தானா? கீழ நாலஞ்சு ஆளுங்க கேட்டாங்க. எனக்கில்ல. பொதுவாக் கேட்டாங்க."

"தனி நேரத்துல நடத்தலாம் இக்கா. உங்க பேரையும் எழுதிக்கவா?"

"எனக்கு எதுக்கு? எனக்கு ஒண்ணுமில்ல, அல்ஹம்துலில்லா."

படிவத்தை எடுத்தேன். "காலைல சாயாவுக்கு முன்னால என்ன விழுங்கினீங்க?"

அவர் வாயைத் திறந்தார். உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து, ஷூ நாடா கட்டிக்கொண்டே, அவருடைய அக்கா சொன்னார்.

"எடா ஹனீபே! நாலு!"

உள்ளே பதினான்கு பெண்கள் சிரித்தார்கள். ஹனீபிக்கா படிக்கட்டைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், பிறகு நிறங்களைச் சொல்ல ஆரம்பித்தார்.

ஆண்கள் வகுப்பு திங்களும் வியாழனும் மாலை ஏழு மணிக்கு நடக்கிறது. பாத்திரக்காரரின் செம்புகள் கீழே, படிக்கட்டுக்கு அடியில் இருக்கின்றன.